கரையில் நின்ற பன்னிரண்டு பேர்

அந்த மாலையில் விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து அக்கரை சேர்க்கும் பயணப் படகு அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியது. நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் ஏழு ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கப்பல்களைப் பற்றி எதைப் படித்தாலும், துறைமுகம் ஒன்றைக் கடந்து சென்றாலும், கடைசியில் அந்தப் படகுத்துறைக்கே வந்து நிற்கிறேன்.

படகில் மனிதர்களும் சரக்கும் ஒன்றாகத்தான் ஏறியிருந்தோம். அடித்தளத்தில் சாக்கு மூட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. முன்பகுதியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இருக்கைகள் நிரம்பிய பிறகும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மழை வரும்போல் இருந்தது; அடுத்த படகுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் படகோட்டி கரையில் இறங்கி நின்று, படகின் விலாவைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு பேர் இறங்கினால்தான் கயிற்றை அவிழ்ப்பேன்" என்றார். கூச்சல் எழுந்தது. மனிதர்களை இறக்குவதற்குப் பதிலாக மூட்டைகளை இறக்கலாமே என்று ஒருவர் கேட்டார். "மூட்டை அடியில் கிடக்கிறது ஐயா, அது படகைப் பிடித்துக்கொள்ளும். ஆட்கள்தான் அதிகம்" என்றார் படகோட்டி. அந்தப் பதில் அப்போது எனக்கு விளங்கவில்லை; மனிதரைவிட மூட்டையை மதிக்கிறார் என்றே நினைத்தேன். நானும் குரல் கொடுத்தேன். "பதினைந்து நிமிடப் பயணம்தானே அண்ணே, இதைவிடக் கூட்டமாகப் படகு போனதே இல்லையா?" அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "போயிருக்கிறது. நான் ஓட்டவில்லை."

முதலில் எழுந்தவர் ஒரு வயதான அம்மா. தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் அடுத்த படகில் வருகிறேன் தம்பி" என்று படகோட்டியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அவரைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். நான் எழவில்லை. ஓர இருக்கை கிடைத்திருந்தது, அவசர வேலையும் இருந்தது. இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டாவது ஆள் இறங்கியதும் கயிறு அவிழ்ந்தது.

பாதி ஆற்றில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் எங்களைக் கடந்து கடலை நோக்கிப் போனது. அதைப் பார்க்கப் பலர் எழுந்து ஒரு பக்கமாக நின்றார்கள். அதே நேரத்தில் அந்தக் கப்பல் கிளப்பிய அலையும் வந்து சேர்ந்தது. படகு சாய்ந்தது. படகுகள் சாய்வது புதிதில்லை. ஆனால் இந்தப் படகு சாய்ந்த இடத்திலேயே ஒரு கணம் நின்றது. நிமிரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே என் முழங்கை அளவு இடைவெளிதான் இருந்தது. "உட்காருங்கள்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு படகு மெதுவாக, மிக மெதுவாக நிமிர்ந்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் எங்களோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நினைக்கத் தொடங்கினேன். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிமிர்வதற்கான நேரம்

அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருந்த கணக்கைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. கலம் மிதப்பதற்கு அது விலக்கும் நீரின் எடை போதும். நிமிர்ந்து நிற்பதற்கு வேறொன்றும் வேண்டும்: எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சுமை தாழ்வாக இருந்தால், சாய்ந்த கலத்தை நீரின் உந்துவிசை விரைவாக நிமிர்த்திவிடும். அப்படிப்பட்ட கப்பல் வெடுக்கென்று ஆடி, பயணிகளின் வயிற்றைக் கலக்கும். ஆனால் அது பத்திரமான கப்பல். சுமை மேலே ஏற ஏற, கலம் சாய்ந்து நிமிர எடுக்கும் நேரம் நீளும். உள்ளே இருப்பவருக்கு அந்த ஆட்டம் தாலாட்டுப்போல் இதமாக இருக்கும். அனுபவமுள்ள மாலுமிகள் அஞ்சுவது அந்த இதமான, சோம்பலான ஆட்டத்துக்குத்தான்.

படகோட்டி சொன்ன பதில் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடியில் கிடக்கும் மூட்டை படகின் எடைமையத்தைக் கீழே இழுக்கிறது. அதுவே நிலைப்பாரமாக, அதாவது கலத்தைக் கவிழாமல் பிடித்துவைக்கும் அடிச்சுமையாக, உதவுகிறது. மனிதரோ இருக்கையின் உயரத்தில் இருக்கிறார்; எழுந்து நின்றால் இன்னும் உயரத்துக்குப் போகிறார். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நிலைத்தன்மை விதிகள் இதைத் துல்லியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பயணி ஒருவருக்கு 75 கிலோ என்றும், நிற்பவரின் எடைமையம் தளத்துக்கு மேல் 1 மீட்டரில் இருப்பதாகவும், அமர்ந்தவருடையது இருக்கைக்கு மேல் 30 சென்டிமீட்டரில் இருப்பதாகவும் கொள்ள வேண்டும். பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் திரண்டாலும் கப்பல் 10 பாகைக்கு மேல் சாயக் கூடாது. சரக்குகளிலேயே கட்டிவைக்க முடியாத சரக்கு மனிதர்தான். வேடிக்கை பார்க்க எழுவார், மழைக்கு ஒதுங்குவார், அஞ்சினால் ஓடுவார். இவை அத்தனையையும் எதிர்பார்த்து எழுதப்பட்ட விதி அது.

சிகாகோ ஆற்றில் 1915 ஜூலை 24 காலையில் ஈஸ்ட்லேண்ட் என்ற உல்லாசப் பயணக் கப்பல் கவிழ்ந்ததைப் படித்தபோது என்னால் அதற்கு மேல் தொடர முடியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன். அந்தக் கப்பல் புறப்படவே இல்லை. துறையில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே, 2,500க்கும் மேற்பட்டோருடன் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. 844 பேர் இறந்தார்கள். கரை சில அடி தொலைவில்தான் இருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் டைட்டானிக் மூழ்கியதில் கற்ற பாடமாக, கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் கூட்டப்பட்டுவந்தன. ஈஸ்ட்லேண்டின் மேல்தளத்திலும் சில வாரங்களுக்கு முன்பே கூடுதல் படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டிருந்தன. ஏற்கெனவே தள்ளாடும் பெயர் பெற்றிருந்த கப்பலின் உச்சியில் அந்த எடையும் சேர்ந்துகொண்டது. உயிரைக் காக்க ஏற்றிய பொருளும் எங்கே ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே உயிரைக் காக்கும்.

விலாவில் ஒரு வட்டம்

படகோட்டி அன்று பார்த்தது, படகின் விலாவில் வரையப்பட்டிருந்த ஒரு வெள்ளைக் கோடு. அக்கரையில் இறங்கியபோது நானும் அதைப் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. கோட்டுக்கு மேலேயும் ஒரு விரற்கடை அகலத்துக்கு ஈரத்தின் தடம் இருந்தது. இறங்கிய அந்தப் பன்னிரண்டு பேரும் இருந்தபோது படகு அவ்வளவு ஆழத்துக்கு அமிழ்ந்திருந்தது.

பெரிய கப்பல்களில் அந்தக் கோட்டை பிளிம்சால் கோடு என்கிறார்கள். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய பழைய கப்பல்களைப் பெரும் தொகைக்குக் காப்பீடு செய்து கடலுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. கப்பல் மூழ்கினாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, இந்தக் கப்பலில் ஏற மாட்டேன் என்று மறுத்த மாலுமிகளைச் சிறைக்கு அனுப்பினார்கள். டெர்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். 1875 ஜூலையில் அரசு தன் கப்பல் மசோதாவைக் கைவிடப்போவதாக அறிவித்தபோது, அவை மரபை மீறிக் கத்தினார். பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டார். மறு ஆண்டே, 1876இல், சுமைக்கோடு சட்டமானது. ஆனால் அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரிடமே விட்டிருந்தார்கள். வரையும் இடத்தையும் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோடு இருக்கிறது, அதன் இடம் மட்டும் அவரவர் விருப்பம் என்ற அந்த 14 ஆண்டுகளை நினைக்கும்போது, அந்தக் காலத்தில் கப்பலேறியவர்களை எண்ணி மனம் கனக்கிறது.

இன்று உலகெங்கும் செல்லுபடியாகும் சுமைக்கோட்டு உடன்படிக்கை 1966இல் ஏற்பட்டது. கப்பலின் விலாவில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு, அருகே ஏணிப்படிபோல் சிறு கோடுகள்: வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு அதைவிடத் தாழ்வாக ஒன்று, குளிர்கால வட அட்லாண்டிக்குக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. நன்னீருக்கென்று தனியே ஒரு கோடு உண்டு. ஒரு கனமீட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. நன்னீர் 1,000 கிலோ. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல், ஒரு மூட்டைகூடக் கூடாமலே, சற்று ஆழமாக அமிழ்கிறது. எந்தக் கடல், எந்தப் பருவம், எந்த நீர் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கப்பலின் உடம்பிலேயே எழுதிவைத்த இந்தக் குறியை மனிதர் எழுதிய மிக நல்ல எழுத்துகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். படிக்கத் தெரியாதவரும் கரையில் நின்று படிக்கக்கூடிய எழுத்து அது.

ஆனால் அந்த எழுத்தையும் ஏமாற்ற முடியும். தென்கொரியாவில் இன்ச்சானிலிருந்து ஜேஜு தீவுக்குச் சென்ற செவோல் கப்பல் 2014 ஏப்ரல் 16 அன்று கவிழ்ந்தது. அதில் இருந்த 476 பேரில் 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அனுமதிக்கப்பட்டதைவிட இரு மடங்குக்கும் அதிகமான சரக்கு ஏற்றப்பட்டிருந்தது. அதுவும் ஒழுங்காகக் கட்டப்படவில்லை. சரக்குக்கு இடம் தருவதற்காக, அடித்தொட்டிகளில் இருக்க வேண்டிய நிலைப்பார நீரைக் குறைத்துவிட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கோடு சரியான இடத்திலேயே தெரிந்திருக்கும். கப்பலைப் பிடித்துக்கொள்ள வேண்டிய எடைதான் உள்ளே இல்லை. எவ்வளவு எடை என்பதைத்தான் கோடு சொல்லும். அந்த எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை அதை ஏற்றியவர்தான் சொல்ல வேண்டும்.

எடை தெரியாத பெட்டி

சரக்குக் கப்பல்களின் உலகத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு பிறகு ஒருமுறை வேலை நிமித்தமாகக் கிடைத்தது. ஒரு கண்டெய்னர் முனையத்தின் நுழைவாயிலில் அரைநாள் நின்றேன். லாரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு லாரியை மட்டும் காவலர் ஓரமாக நிறுத்தச் சொன்னார். அது சுமந்து வந்த பெட்டிக்கு எடைச் சான்று வந்து சேரவில்லை. ஓட்டுநர் யாரிடமும் சண்டை போடவில்லை. லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். என் படகுத்துறை அந்த இடத்தில்தான் நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்ப ஒரு காகிதம் இல்லாததே போதுமானதாக இருந்தது. அங்கே பன்னிரண்டு பேரை இறக்க ஒரு மனிதர் அரை மணி நேரம் வசவு வாங்க வேண்டியிருந்தது.

இந்த அமைதியும் இலவசமாக வந்துவிடவில்லை. கண்டெய்னர் முறைக்கு வழிவகுத்த அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஆட்கள் மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றியபோது டன்னுக்கு ஏறத்தாழ 6 டாலராக இருந்த செலவு, பெட்டி முறையில் 16 சென்டுக்கு இறங்கியது. அதன் பிறகு நடந்ததை நாம் அறிவோம்; உலக வணிகச் சரக்கில் அளவின்படி ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இன்று கடல் வழியாகத்தான் போகிறது. ஆனால் மூட்டையைத் தோளில் சுமந்த தொழிலாளிக்கு அதன் எடை தெரிந்தது. மூடி முத்திரையிட்ட பெட்டியின் எடை, அனுப்புபவர் சொல்லும் வார்த்தையாக மாறிவிட்டது. எம்எஸ்சி நப்போலி கப்பலின் உடற்பகுதி 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் பிளந்தபோது, மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறத்தாழ 660 பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டிகளின் எடை, சொல்லப்பட்டதிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வேறுபட்டது. எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதி 2016 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

பட்டியலில் இல்லாதவர்கள்

பெட்டிக்கு இவ்வளவு செய்த உலகம் பயணிக்கும் செய்திருக்கிறது. ஆனால் எல்லைகளைக் கடக்கும் பயணிக்குத்தான் செய்திருக்கிறது. டைட்டானிக்குக்குப் பின் 1914இல் முதல் வடிவம் பெற்ற, கடலில் உயிர்களைக் காப்பதற்கான சோலாஸ் உடன்படிக்கை, பயணிகள் கப்பல் புறப்படும் முன் அதில் உள்ள ஒவ்வொருவரையும் எண்ண வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கை பன்னாட்டுப் பயணங்களுக்கே பொருந்தும். ஒரே நாட்டுக்குள் தீவிலிருந்து தீவுக்கும், கரையிலிருந்து கரைக்கும் போகிற படகுகளை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட்லேண்ட் உள்நாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தது. செவோல் சென்றதும் உள்நாட்டுப் பயணம்தான்.

பிலிப்பைன்ஸில் 1987 டிசம்பர் 20 இரவு டோன்யா பாஸ் என்ற பயணிகள் கப்பல், எண்ணெய் ஏற்றிச் சென்ற கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. மோதலுக்கும் தீக்கும் கூட்டம் காரணமில்லை. ஆனால் அதன் பட்டியலில் இருந்த பயணிகள் 1,500 பேருக்கும் குறைவு. இறந்தவர்கள் 4,000க்கும் அதிகம். இரு கப்பல்களிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 26 பேர். அந்தப் பயணிகள் கப்பலில் இருந்தவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்காகப் பயணம் செய்தவர்கள். தாங்கள் அந்தக் கப்பலில் இருந்தோம் என்று காட்டக்கூட ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. செனகலின் லெ ஜூலா 2002 செப்டம்பர் 26 இரவு காம்பியாவின் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் 1,900க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அரசுக் கணக்கின்படி 1,863 பேர் இறந்தார்கள், 64 பேர் பிழைத்தார்கள். நாட்டின் தென்பகுதியையும் தலைநகரத்தையும் காம்பியா பிரித்து நிற்பதால், அந்த மக்களுக்கு அது சொகுசுப் பயணம் இல்லை. அதுவே சாலை, அதுவே சந்தைக்குப் போகும் வழி. அத்தகைய கப்பலில் இடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மனம் வராது என்பதால்தான் அந்த வேலையை ஒரு தனி மனிதரின் மனத்திடம் விடக் கூடாது என்கிறேன்.

எண்ணிவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 2005 அக்டோபர் 2 அன்று ஈத்தன் ஆலன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேர் இறந்தபோது, படகில் 47 பயணிகள் இருந்தார்கள். அனுமதி 48 பயணிகளுக்கு. விதி மீறப்படவில்லை, விதிதான் பழையதாகிவிட்டிருந்தது. சராசரி மனிதரின் எடை 140 பவுண்டு, அதாவது 64 கிலோ அளவு என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஏறியவர்கள் அதைவிட எடை மிகுந்தவர்கள். மேற்கூரையையும் இடையில் மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு 2011இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, பயணியின் கணக்கு எடையை 185 பவுண்டாக, ஏறத்தாழ 84 கிலோவாக, உயர்த்தியது. அதன் பொருள், அதே படகில் குறைவான ஆட்கள், குறைவான கட்டணம். அந்த இழப்பைப் படகு உரிமையாளர்கள் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று அரசு சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்நாட்டுப் படகுகளுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2022இல் மாதிரி விதிகளை வெளியிட்டது. அவை கட்டாயமானவை அல்ல. கண்டெய்னருக்கான எடை விதி கட்டாயமானது. இந்த வேறுபாட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் படகோட்டியிடம் இருந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கோடும் அவருடைய பிடிவாதமும்தான். கோட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. துறையில் வேறு அதிகாரி எவரும் இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நடைக்கும், தன் வருமானத்தைத் தரும் மனிதர்களையே எதிர்த்து அவர் தனியாக நிற்க வேண்டியிருந்தது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் ஓட்டுவார். "போயிருக்கிறது. நான் ஓட்டவில்லை" என்ற வார்த்தைக்குள் அந்த நாட்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

சென்ற ஆண்டு மீண்டும் அந்தப் படகுத்துறைக்குப் போனேன். அதே படகோட்டி; தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு நினைவில்லை, நினைவிருக்க வேண்டிய காரணமும் இல்லை. கோட்டுக்குப் புதிதாக வெள்ளை பூசியிருந்தார். படகு நிரம்பிக்கொண்டிருந்தது, ஏறப் போனவன் நின்று, விலாவைப் பார்த்தேன். தண்ணீர் கோட்டின் கீழ் விளிம்பில் வந்து தட்டித் தட்டி விலகியது. இன்னும் ஐந்தாறு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். "எத்தனை பேர் ஏறலாம் அண்ணே?" என்று கேட்டேன். அவரும் குனிந்து பார்த்தார். "நான்கு பேர்" என்றார். நான்கு பேர் ஏறியதும் பலகையை இழுத்தார். வரிசையில் மிச்சம் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "அடுத்த படகு ஒரு மணி நேரத்தில் வரும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கரைக்கல்லில் உட்கார்ந்துகொண்டேன். கயிறு அவிழ்ந்தது. நடு ஆற்றில் அலையில் சாய்ந்து, உடனே வெடுக்கென்று நிமிர்ந்து போகும் படகைக் கண்ணுக்கு எட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.